அமாவாசை ஓ.பி.

முதலில் நின்றது என் கைதான். ஒரு பகல் வேளை, தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை. அரைமணி கழித்து எதிர்வீட்டுக் கமலா அக்கா வாசலில் வந்து நின்றார்.

"என்ன சுசீலா, தறி சத்தத்தையே காணோம்?"

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெலுங்கு பேசும் நெசவாளிகள். அக்கா கேட்டதும் தெலுங்கில்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். இங்கே ஒரு தறி நின்றால் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு (எதிலும் பிடிப்பில்லாமல் உடலும் மனமும் தளர்ந்துபோகும் நோய்) என்றார்கள். மாதம் ஒரு புதன்கிழமை ஓ.பி.க்கு (வெளிநோயாளர் பிரிவு) போய் மாத்திரை வாங்க வேண்டும். புதன் வேலை நாள். தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பினால் கமலா அக்கா கேட்காமல் விடமாட்டார். ஒரு மாதம் பல்வலி என்றேன். அடுத்த மாதம் தங்கை வீட்டு விசேஷம் என்றேன். இப்படியே போனால் பல்லும் மிஞ்சாது, தங்கையும் மிஞ்சமாட்டாள் என்று மாத்திரையையே விட்டுவிட்டேன்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சில வாரங்களிலேயே பழைய பாரம் திரும்ப வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் "அம்மா, அம்மா" என்று நாலு தடவை கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவே இல்லை.

என் கணவர் என்னைத் திரும்ப அழைத்துப் போனார். டாக்டரம்மா திட்டவில்லை. "தெலுங்குக்காரங்க நிறையப் பேர் பாதியிலேயே நின்னுடுறீங்க. ஏன்னு கேக்கத்தான் உங்களையெல்லாம் கூப்பிடறோம், வாங்க" என்றார். சொன்ன நாளில் போனோம்; வேறு தெருத் தெலுங்குக்காரர்களும் சிலர் வந்திருந்தார்கள். சுவரில் எங்களுக்காகவே புதிதாக ஒரு போஸ்டர், தெலுங்கு எழுத்தில். நாங்கள் பேசுவது தெலுங்கு, பள்ளியில் படித்ததோ தமிழ்.

"அழகா இருக்குது டாக்டர். இன்னா எழுதியிருக்குது?" என்றார் என் கணவர்.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். "எங்க தப்புதான். நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

"ஓ.பி. வைக்கிற நாளை மாத்துங்கம்மா," என்றேன். "அமாவாசை அன்னைக்கு வைங்க."

அவர் முகம் மாறியது. "அமாவாசையா? மனநோய்க்கா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"பைத்தியம் ஏறுற நாள்னு பேசுவாங்க. பேசட்டுமே! அன்னைக்கு நெசவுக்கு லீவு. எங்க தெருவுல ஒரு தறியும் ஓடாது. உன் தறி ஏன் நின்னுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் பாட்டுக்கு வந்து மாத்திரை வாங்கிக்கினு போவேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் எழுதிக்கொண்டார்.

முதல் அமாவாசை ஓ.பி.க்கு நிமிர்ந்த தலையோடு போனேன். பெஞ்சில், முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு, கமலா அக்கா!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை எத்தனை தடவை கேட்டுக் கேட்டு விரட்டினீங்கக்கா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கும் என்னை மாதிரியேதான் இருக்குதான்னு தெரிஞ்சிக்கத்தாம்மா கேட்டேன்."

இருவரும் அழுதோம். எனக்கு அழுகை வந்தே வெகுநாளாகியிருந்தது. அன்று வந்தது சந்தோஷமாக இருந்தது.

ஒரு வருடமாக மாத்திரை தவறவில்லை. எனக்கு மாதம் இப்போது அமாவாசையில்தான் பிறக்கிறது. தறியில் கை நின்றால் பதறுவதில்லை. அதுவாக நகரட்டும் என்று விட்டுவிடுகிறேன். இங்கே சத்தம் நின்றால் அக்கா காபியோடு வருவார், எதுவும் கேட்கமாட்டார். அவர் தறி நின்றால் நான் தெருவைக் கடந்து போகிறேன்.