சதுரமாய் மங்கிய இடம்

மார்ச் ஒன்பதாம் தேதி அவர்மீது எழுத்தில் சுமத்தப்பட்ட குற்றம் இது: கன்ஃபோகல் நுண்ணோக்கியின் லேசரை ஓடவிட்டுச் சாப்பிடப் போனார், அதனால் எலி மூளைத் துண்டின் ஒளிர்வு முழுவதும் அழிந்தது. இரண்டும் பொய்.

நுண்ணோக்கியின் இருண்ட அறையிலேயே கிடந்ததால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘இருட்டறை’. மின்பழுது பார்க்க வந்தவர். கையேட்டைப் படித்தே கருவியை இயக்கக் கற்றவர். சாயமேற்றிய திசுவை லேசர் படலம் படலமாகத் தடவிப் படமெடுக்கும். அவற்றை அடுக்கினால் நரம்புகள் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். ஆனால் லேசர் ஒளி படப்படச் சாயம் மங்கும். ஆகவே அவர் ஓரத்தில்தான் குவியம் சரிபார்ப்பார். நடுப்பகுதியைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்.

சம்பவத்தன்று முழுத் துண்டையும் படமெடுத்துக்கொண்டிருந்தார், பாதிகூட முடியவில்லை. விருந்தினர்களோடு நுழைந்த இயக்குநர், நடுவிலிருந்த ஒரு நரம்பணுவைப் பெரிதாக்கி, லேசரைக் கூட்டச் சொல்லி, அங்கேயே நிறுத்திப் பேசத் தொடங்கினார்.

“சார், மங்குது.”

“உங்க வீட்டு பல்பா? பில்லு ஏறுதுன்னு பயப்படறீங்களா?”

விருந்தினர்கள் சிரித்தார்கள். எல்லோரும் போனபின் அவர் காட்சியை விரித்துப் பார்த்தார்: பச்சை ஒளிர்வின் நடுவே, தபால்தலை ஒட்டியதுபோல் ஒரு கருஞ்சதுரம்.

அது ஓர் ஆராய்ச்சி மாணவியின் துண்டு. அவளும் உடனிருந்தவள்தான். சாட்சி சொல்லும்படி கேட்டபோது தலைகுனிந்தாள். “நான் வாயத் திறந்தா என் படிப்பே போயிடும்ண்ணா.” அவளைக் குறைசொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் வேலை தப்பும். ஆனால் அந்த அறைக்குள் இனிக் கால் வைக்க முடியாது. கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும்படி மனைவி சொன்னாள். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தவர் மெல்லச் சொன்னார்: “வெள்ளிக்கிழம பழைய கண்ணாடித் தகடெல்லாம் குப்பைக்குப் போகுதாம். அந்த மூளைத் துண்டு ஒட்டின தகடும் அதுல இருக்கு.”

அவள் அதன்பின் கையெழுத்துப் பற்றிப் பேசவில்லை. எழுதாத வெள்ளைத் தாளை எடுத்துவந்து வைத்தாள்.

அவர் எழுதினார்: முழுத் துண்டையும் படமெடுக்க அமைத்திருந்த லேசர் ஆளில்லாமல் ஓடியிருந்தால் துண்டு முழுவதும் மங்கியிருக்கும். மங்கியிருப்பது ஒரு சதுரம் மட்டுமே. என்னை நம்ப வேண்டாம்; வேறொருவரைக் கொண்டு குறைந்த ஒளியில் ஒரே ஒரு படம் எடுங்கள். அதுவரை தகட்டை அப்புறப்படுத்தக் கூடாது. மறுப்பதாக இருந்தால், மறுப்பவர் யார், காரணம் என்ன என்பதை வியாழக்கிழமைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.