மேட்டுக்காணியில் குரக்கன் களவு

யாழ்ப்பாணத்திலிருந்து தர்மபுரத்துக்கு நாங்கள் குடிவந்த முதல் வருடம், மேட்டுக்காணியில் விதைத்த குரக்கனை, கேழ்வரகு என்றும் சொல்கிற அந்தத் தானியத்தை, எறும்பு கொண்டுபோனது. எந்த எறும்பு என்பதில்தான் எனக்கும் என் புருசனுக்கும் சண்டை.

அது சின்னச் சண்டை இல்லை. எங்களுடையது பெர்மிட் காணி, பயிர் செய்யச் சொல்லி அரசாங்கம் தந்தது. முதல் போகத்தில் பயிர் நிற்காவிட்டால் காணிக் கந்தோர் அதை வேறு ஆளுக்கு எழுதிவிடும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கென்று ஒரு பரப்பு நிலமும் கிடையாது. திரும்பிப் போவதென்றால் அவருடைய தமையன் வீட்டில்தான் ஒதுங்க வேண்டும். கலியாணம் முடித்த கையோடு அங்கே இருந்து பார்த்தவள் நான். அந்தக் குசினியில் கறிக்கு உப்புப் போடுவதற்கும் தமையன் பெண்சாதியிடம் கேட்க வேண்டும். செத்தாலும் அங்கே திரும்புவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் லொறியில் ஏறினேன்.

ஊரில் குரக்கன் என்றால் கிணற்றடியில் நாற்றுமேடை போட்டு, தண்ணீர் தெளித்து, வளர்ந்த பிறகு பிடுங்கி நடுவார்கள். இங்கே மேட்டுக்காணியில் கிணறு ஏது? மழையை நம்பிப் புழுதியில் விதைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, புரட்டாதியில் இவரும் விதைத்தார். விதைத்த பின் மண்ணைக் கிளறி மூடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நாற்றுமேடைக்குத் தூவுகிற மாதிரியே மேலாகத் தூவி, அதே பழக்கத்தில் கொஞ்சம் சாம்பலும் எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கம்பக்கத்துக் காணிக்காரரும் எங்களைப் போல யாழ்ப்பாணத்து ஆட்கள்தான். பிழை சொல்ல ஒருவருமில்லை.

மழை வரவில்லை. விதை நாளுக்கு நாள் குறைந்தது. இவர் நடுமத்தியானம் காணிக்குள் போய்ப் பார்த்தார். நாய்கூட நிழலை விட்டு எழும்பாத அந்த வெயிலில், சுடுமண்ணில் ஓடித் திரிந்தது ஒரே ஒரு உயிர்: நெட்டைக் கால்களும் கறுத்த உடம்புமாக ஒரு எறும்பு, வயிறு மட்டும் மினுக்கிய பித்தளை போலப் பளபளத்தது. கள்ளன் அகப்பட்டான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அதன் புற்றைத் தேடித் தேடிச் சருகு குவித்துக் கொளுத்தினார்.

எனக்கு அப்போது அடுப்பு பாலை மரத்தின் கீழே. உலை கொதிக்கும்வரை வேறு என்ன வேலை? அந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது தனியாகத்தான் திரியும், வரிசை என்பதே கிடையாது. ஓடும், நிற்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், திரும்ப ஓடும். வெயிலில் செத்துக் கிடக்கிற பூச்சியைத்தான் தூக்கும். ஒரு குரக்கன் மணியை அதன் முன்னே உருட்டிவிட்டேன். அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அது குரக்கன் தூக்கிறேல்லை. செத்த பூச்சிதான் தூக்குது" என்றேன்.

"அப்ப உம்மடை கொப்பரோ வந்து பொறுக்கிக்கொண்டு போனவர்?"

"எங்கடை அப்பர் கண்டதையும் கொளுத்திற ஆளில்லை."

அன்று இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டோம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பித்தளை வயிறன்களுக்கு வந்தது அதுதான். எனக்குக் கோபத்தை விடப் பயம்தான் கூட. விதைக் குரக்கன் முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்திலும் எல்லோரும் விதைத்து முடித்திருந்தார்கள், கடன் கேட்கவும் விதை கிடையாது.

ஐப்பசி பிறந்ததும் ஒரு இரவு சின்னத் தூறல் போட்டது. மறுநாள் பழையபடி வெயில். வேலி ஓரம் விறகு பொறுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தரையில் உமி வட்டமாகக் கொட்டிக் கிடந்தது, நடுவிலே ஒரு துவாரம். துவாரத்தைச் சுற்றி, நான் பாயில் நெல் காயவிடுவது போல, என்னுடைய குரக்கன் செந்நிறமாகப் பரவிக் கிடந்தது. பொடி எறும்புகள், மண்ணிறம், இடைக்கிடை தலை பெருத்த சில. நனைந்துபோன மணிகளைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தன. காலையும் மாலையும் மட்டும் வரிசை பிடித்து வெளியே வருகிறவை இவை. இவர் களவு பிடிக்கப் போன மத்தியானத்தில் நிலத்துக்கடியில் இருந்திருக்கின்றன.

கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கன நேரம் குந்தியிருந்து பார்த்தார். பிறகு போய் மண்வெட்டியை எடுத்துவந்தார்.

வேலி ஓரம் அப்படிப் பல புற்றுகள் இருந்தன. வெட்ட வெட்ட, மண்ணுக்குள் சின்னச் சின்ன அறைகள். அறை நிறையத் தானியம். கடி தாங்காமல் இவர் துள்ளித் துள்ளி வெட்டினார். நான் அள்ளிச் சுளகில் புடைத்தேன். மண் போனது, உமி போனது. ஆனால் குரக்கனோடு காட்டுப் புல் விதையும் கலந்து கிடந்தது. இரண்டும் ஒரே பருமன், எந்தச் சுளகாலும் பிரிக்க முடியாது. சில மணிகளில் முளை கடிபட்டும் இருந்தது.

"இதை விதைச்சால் புல்லுத்தான் வரும்" என்றார்.

"ஆர் குத்தினாலும் அரிசியானால் சரி. விதையுங்கோ. இந்தமுறை மேலை விடாமல் மண்ணுக்குள்ளை விடுவம்."

முதல் விதைப்பில் மாட்டின் குளம்படிக்குள் அமிழ்ந்துபோன மணிகளை எறும்பு தொடவில்லை என்பதைக் கண்டிருந்தேன். அதனால் விதைத்த கையோடு முள்ளுக் கொப்பை இழுத்து மண்ணை மூடினோம். மூன்றாம் நாள் பெருமழை பிடித்தது.

காணி பச்சையாகத்தான் வந்தது. ஆனால் எது குரக்கன், எது புல்? இளம் பருவத்தில் இரண்டுக்கும் ஒரே இலை, ஒரே தண்டு. களை பிடுங்கப் போய்ப் பயிரைப் பிடுங்கிவிடுவோமோ என்று ஒன்றையும் தொடாமல் விட்டோம். அந்தக் கோலத்தில்தான் காணிக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருநாள் காலை சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன, களை பிடுங்கிறேல்லையோ?"

இவர் என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

"ஐயா, எது குரக்கன் எது புல்லெண்டு எங்களுக்கே தெரியேல்லை. எறும்புப் புத்துக்குள்ளை இருந்து எடுத்து விதைச்சது."

வந்தவர் காணிக்குள் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கினார். இன்னொன்றைப் பிடுங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமையன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு நாங்கள் உள்ளே போவதைக்கூட நினைத்துப் பார்த்துவிட்டேன்.

"எனக்கும் தெரியேல்லை" என்றார் அவர். "கதிர் வந்தால் தெரியும்தானே. விதைச்சிருக்கிறியள், முளைச்சிருக்கு, அது காணும். காணி உங்களுக்குத்தான்."

சைக்கிள் ஒழுங்கையால் திரும்பும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு இவர் நின்ற இடத்திலேயே ஈரத்தில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு நல்ல பசி வந்தது.