பெண் பார்க்க வந்த நாளில் நாறிய முருகைக்கல்

தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சாம்பல்தீவில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூச நினைத்தேன். அயலிலுள்ள சுண்ணாம்புச் சூளையில் சுடுவிக்கலாமென்று, கடலின் பவளப்பாறையிலிருந்து அன்றுதான் உடைத்தெடுத்த முருகைக்கல்லை ஒரு வண்டில் நிறைய வாங்கி வீட்டு வளவில் கொட்டுவித்தேன். மூன்றாம் நாள் குவியல் அழுகிய மீனைப்போல நாறியது. அதை அகற்றுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் படலையடிக்கு வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை கடற்றொழில் செய்பவர். நேரே குவியலடிக்குப் போய்ப் பார்த்தார்.

"அக்கா, இது உயிரோட இருந்த கல். அதுதான் மணக்குது. இதுக்குள்ளதான் மீன் குஞ்சுகள் வளருறது. கரையில ஒதுங்கிற வெறுஞ் சிப்பியைச் சுட்டாலே நல்ல சுண்ணாம்பு வரும்."

"எனக்குத் தெரியாமல் போச்சுது தம்பி. சிப்பி பொறுக்க ஆளுக்கு எங்க போறது?" என்றேன்.

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தங்கச்சி, "நான் பொறுக்குவன்" என்றாள்.

மாப்பிள்ளையின் தாயார்தான் முதலில் சிரித்தார். "அப்ப ரெண்டு பேருமாப் போய்ப் பொறுக்குங்கோ" என்றார்.

அவர்கள் பொறுக்கி வந்த சிப்பியில் சுட்ட சுண்ணாம்பைப் பூசிய வீட்டில்தான் கலியாணம் நடந்தது. இப்போது சுண்ணாம்பு வாங்கப் போனால், எதில் சுட்டது என்று கேட்ட பிறகே சாக்கைத் தொடுகிறேன். சிப்பிச் சுண்ணாம்பு கிடைக்காத வருடம் சுவர் மங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.