அண்ணனின் மஞ்சள் ரூபாய்

கவரிங் நகைக்கு முலாம் போட்டே பிழைத்தவன் நான். ஒரு காசில் முலாம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். அண்ணனுக்கு மட்டும் சொல்லவில்லை.

மில் மூடி எட்டு மாதமாக வீட்டிலிருந்த அண்ணன், வில்லாபுரத்தில் என் பட்டறைக்கு வந்து ஒரு ரூபாய்க் காசை நீட்டினார். டவுன் பஸ் சில்லறையில் வந்ததாம். வெள்ளையாக இருக்க வேண்டியது, மஞ்சக்கிழங்கு நிறத்தில் இருந்தது.

"அடிக்கிற எடத்துலயே உலோகம் மாறிப்போன காசாம்டா. இதை வாங்க பம்பாய்ல ஆளு இருக்காம். உசிலம்பட்டி பஞ்சுக் குடோன்ல வாட்ச்மேன் வேலைக்குத் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காக. இது நெசம்னா நான் எதுக்கு அங்க போய் நிக்கணும்? பாத்துச் சொல்லு."

பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பார்த்தேன். வரிகளின் பள்ளத்தில் மஞ்சள், கைபட்டுத் தேயும் மேட்டில் வெள்ளை. உலோகமே மஞ்சளென்றால் தேய்ந்த இடமும் மஞ்சளாகத்தான் இருக்கும். யாரோ முலாம் போட்ட காசு.

நிமிர்ந்தேன். அண்ணன் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு வந்திருந்தார். உண்மையைச் சொல்ல மனம் வராவிட்டால் எங்கள் பக்கம் 'வாய் வரலை' என்பார்கள். எனக்குப் பொய் நன்றாகவே வந்தது.

"முலாம் மாதிரி தெரியலண்ணே."

"அம்புட்டுத்தான் கேட்டேன்" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை உசிலம்பட்டிக்குப் போகவில்லை. வேலைக்கு வேறொருவரை வைத்துக்கொண்டார்கள்.

பம்பாய் ஆள் கிடைக்கும்வரை மதினி காசைச் சாமி மாடத்தில் வைத்தார்கள். சாமி முன்னால் அழுக்காக எதையும் வைக்காத வீடு அது. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கோடு சேர்த்துக் காசையும் புளி போட்டுத் தேய்த்தார்கள். நாலாவது வெள்ளி, காசிலிருந்த சிங்கங்களின் மூக்கெல்லாம் வெளுத்துவிட்டது.

கேள்விப்பட்டு ஓடினேன். காசைத் தேய்த்துக் கெடுத்துவிட்டதாக அண்ணன் மதினியிடம் பேச்சை நிறுத்தி நாலு நாளாகியிருந்தது.

"அண்ணே, மதினி மேல தப்பில்ல. அது முலாம்தான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "முலாம் இல்லன்னு சொன்னதும் நீதானடா."

"இந்தாங்க கண்ணாடி, விளிம்பை நீங்களே பாருங்க."

வாங்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற மதினி, "எனக்காகப் பொய் சொல்லாதீக தம்பி" என்றார்கள். "தேச்சது என் கைதான்."

எவ்வளவோ சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றே இரண்டு பேரும் நினைத்தார்கள். தன் கை பட்டால் வந்த அதிர்ஷ்டமும் போய்விடும் என்று, அடுத்த வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்க மதினி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் அந்த விளக்கை அவர்கள் தொடவே இல்லை.