மோதினாரின் மூச்சு

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன சில வாரங்களில் எங்கள் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மோதினார் கிடந்தார். கரையோரப் பள்ளிவாசலில் காதில் விரல் வைத்து, தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொன்னவர். அலை அவரையும் பள்ளியையும் ஒன்றாகவே எடுத்தது. அவரை மட்டும் ஒரு வேலியில் விட்டுப் போனது. நெஞ்சுக்குள் போன உப்புத் தண்ணீரும் சேறும் நியூமோனியாவாக மாறியதால், தொண்டையில் குழாயோடு மூச்சு மெசினில் இருந்தார்.

நான் அப்போது அங்கே இளம் டொக்டர், கொஞ்சம் வாய்க்காரி. எனக்கு மேலே இருந்த நிபுணர் மட்டக்களப்புத் தமிழர், அவசரப்படாத மனிதர். மெசினை எந்த முறையில் ஓட விடுவது என்பதில் எங்களுக்குள் தினமும் இழுபறி. ஒரு முறையில் மெசின்தான் எஜமான். எத்தனை மூச்சு, எவ்வளவு காற்று என்று நாங்கள் வைத்ததை அது தள்ளிக்கொண்டே இருக்கும், நோயாளி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். களைத்த நெஞ்சுக்கு அது ஓய்வு. ஆனால் நாட்பட்டால் மூச்சுத் தசைகள் சோம்பிவிடும். விழித்த நோயாளி மெசினோடு மல்லுக்கட்டுவார், நாங்கள் மருந்து கொடுத்து உறங்க வைப்போம். மற்ற முறையில் மெசின் காத்திருக்கும். நோயாளி மூச்சை இழுக்கத் தொடங்கினால்தான் கைகொடுக்கும். கொஞ்ச நேரம் அவர் இழுக்காமல் இருந்தால் அலறிவிட்டுத் தானே பொறுப்பெடுத்துக்கொள்ளும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஒரு மனிதரிடம் கேட்காமல் அவருக்குச் செய்கிற உதவி எனக்கு எப்போதுமே எரிச்சல். நிபுணரோ, ஆசைக்கும் பலத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பார். இப்போது யோசித்தால் அதிலும் நியாயம் இருந்தது.

மோதினாரைக் காலையில் இரண்டாவது முறைக்கு மாற்றுவோம். அழகாக மூச்செடுப்பார். நண்பகல் தாண்டியதும் எல்லாம் குழம்பும். மூச்சு இடையிடையே நின்றுபோகும், மெசின் அலறும், கட்டியிருந்த வலது கையைத் தலைப் பக்கம் இழுப்பார். குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று தாதிமார் கட்டை இறுக்குவார்கள். களைத்துவிட்டார் என்று நாங்கள் பழைய முறைக்கே திருப்புவோம். கடைசியில், மெசின் இன்னும் நெடுநாள் தேவைப்படும் என்று, கழுத்தில் துளையிட்டு அதன் வழியாகக் குழாய் வைப்பதென்று நிபுணர் முடிவெடுத்தார். மறுநாள் காலை செய்வதாக இருந்தது.

மனைவியிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் அழவில்லை. துளை மூடிய பிறகு குரல் பழையபடி வருமா என்று மட்டும் கேட்டார். பேச்சு பெரும்பாலும் வரும், வாங்கு சொல்லும் குரலுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றேன்.

“வீடும் போயிட்டு, பள்ளியும் போயிட்டு மகள். அந்தக் குரலையாவது வெச்சித் தாங்க,” என்றார்.

உள்ளே போய் அவருடைய கட்டிலோடு நின்றுகொண்டேன். என் பிடிவாதத்தால் அன்றும் அவர் இரண்டாவது முறையில்தான் இருந்தார். அப்போது பக்கத்துப் பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் வாங்கு தொடங்கியது. வாங்கு கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் முக்காட்டை முன்னால் இழுத்து, கதைப்பதை நிறுத்தி, தலையைக் குனிந்துகொள்வோம். யோசித்துச் செய்வதல்ல, கைப்பழக்கம். ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டிலைச் சுற்றி நாங்கள் அப்படித்தான் குனிந்திருக்கிறோம். மெசின் அலறிய பிறகுதான் நிமிர்ந்திருக்கிறோம். அன்று முக்காட்டை இழுத்தேன், கண்ணை மட்டும் அவரை விட்டு எடுக்க மனம் வரவில்லை.

ஒலிபெருக்கி ஒரு வரியை நீட்டியது. மோதினாரின் நெஞ்சு அந்த வரியோடு மெல்ல மெல்ல இறங்கி, வரி முடிகிற இடத்தில் முடிந்தது. பிறகு அசையாமல் நின்றது. கேட்பவர்கள் மறுமொழி சொல்வதற்காக வாங்கில் விடுகிற இடைவெளி அது. மெசினுக்கு அது தெரியாது, அலறியது. வலது கை கட்டை இழுத்தது. நான் கட்டை அவிழ்த்துவிட்டேன்.

கை குழாய்க்குப் போகவில்லை. நடுங்கிக்கொண்டே மேலே போய், சுட்டுவிரல் காதுக்குள் புகுந்தது.

அடுத்த அறையிலிருந்த நிபுணரைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் ஒரு பள்ளியில் வாங்கு முடிய மற்றப் பள்ளியில் தொடங்கும். அவர் வந்து நிற்கவும் இன்னொரு வாங்கு வந்தது. அவர் விரலையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெசின் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தார்.

“ஆள் களைக்கல்ல தங்கச்சி,” என்றார். “வாங்கு சொல்லுறார். கழுத்து வெட்ட வேணாம்.”

சில நாட்களில் குழாயை எடுத்தோம். வாயைத் திறந்தார், வெறும் காற்றுத்தான் வந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. குரல் திரும்பியதா என்று தெரியுமுன்பே எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்த வருடம் விடுமுறையில் வீட்டுக்கு வந்தேன். கடலை விட்டுத் தள்ளிப் புதிய பள்ளி கட்டியிருந்தார்கள். அந்த மோதினார்தான் அங்கே வாங்கு சொல்கிறார், முன்னைப்போல ஒரே மூச்சில் வராது, ஆனாலும் வேறு ஆளை வைக்க ஊர் விடவில்லை என்று என் உடன்பிறந்த ராத்தா சொன்னாள். அவள் சொல்லி முடிக்கவும் பின்னேரத்து அஸர் வாங்கு தொடங்கியது. இருவரும் முக்காட்டை இழுத்துத் தலையைக் குனிந்தோம். குரல் கரகரத்தது. நீண்ட வரியின் நடுவில் சட்டென்று நின்றது. என் கை என்னை அறியாமல் ஒரு மெசினைத் தேடியது. பிறகு, அவர் தானாக மூச்சை இழுப்பது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது.