ஸ்டாலில் கட்டிய தூளி

கும்மிடிப்பூண்டியில் நானும் கணவரும் ஸ்பிரிங் பட்டறை நடத்துகிறோம். ஆர்டர் வற்றிப்போன ஒரு வருஷம், கடைசி நம்பிக்கையாகச் சென்னைத் தொழிற்கண்காட்சியில் ஸ்டால் எடுத்தோம். அலங்காரத்துக்கு வேறெதுவும் இல்லாமல் என் பட்டுப்புடவையைச் சுவரில் கட்டினேன்.

பக்கத்து ஸ்டாலில் மீஞ்சூர்ப் பெண் ஒருத்தி தனியாகச் சாமான் அடுக்கினாள். அவள் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. கணவர் என்னைக் கேட்காமலேயே புடவையை அவிழ்த்து, எங்கள் ஸ்டாலின் மேல்கம்பியில் நம் ஸ்பிரிங் ஒன்றை மாட்டித் தூளி கட்டிவிட்டார்.

"இன்னாயா இது, நம்ம ஸ்டால் மொட்டையா நிக்குதே!"

"கொழந்த தூங்குது. மெதுவா பேசு."

கண்காட்சி திறந்தும் குழந்தை விழிக்கவில்லை. முதலில் வந்த கம்பெனிக்காரர் தூளியைப் பார்த்து, "இதுவும் உங்க ஸ்பிரிங்கா?" என்று கிசுகிசுத்தார். பட்டறையைக் காப்பாற்றிய ஆர்டர் அவர் தந்ததுதான்.

இப்போது எங்கள் ஸ்டாலில் திரை, விளக்கெல்லாம் உண்டு. ஆனாலும் உள்ளே நுழைந்ததும் மேல்கம்பியைத்தான் பார்ப்பேன். குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.