கேமராவுக்கு வரைந்த மீசை

என் மீசை போனதால்தான் என் கம்ப்யூட்டரின் பதவியும் போனது என்று நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன், சொந்த ஜெராக்ஸ் கடைக்காரன், நிஜமாகவே நம்பினேன்.

எல்லாம் பள்ளிப்பட்டில் இருக்கும் அக்கா மகளின் ஏற்பாடு. அவள் வீடு, திருத்தணியில் என் கடை, மணவூரில் ஒரு மருந்துக்கடை, திருவாலங்காட்டில் ஒரு டியூஷன் சென்டர். நான்கு இடத்துக் கம்ப்யூட்டர்களும் கூட்டாக ஒரு ஏஐயை ஓட்டும். விவசாயி தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் பதில் வரும். நடுவில் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. ஒன்று வேலையைப் பிரித்துக் கொடுக்கும், மற்றவை செய்யும். பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அப்போது என் கம்ப்யூட்டரிடம் இருந்தது. திரையில் ‘தலைமை’ என்று வந்ததை டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

“உங்க மெஷினுக்குன்னு ஒரு அடையாளம் இருக்குது மாமா. அத வெச்சிதான் மத்ததுங்க நம்பும்” என்று அவள் சொல்லியிருந்தாள். திரைக்கு மேலே கேமரா உட்கார்ந்திருந்தது. அடையாளம் என்றால் என் மூஞ்சிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை காலையில் மலையில் மொட்டை போட்டேன், மீசையும் சேர்த்து. இறங்கி வந்தால் என் போனே என் முகத்துக்குத் திறக்கவில்லை. கடையில் ‘தலைமை’யைக் காணோம், ‘இணைப்பு இல்லை’ என்றிருந்தது. அன்று மதியம்தான் அவள் உழவர் சங்கத்துக்காரர்களுக்கு இதைக் காட்டப் போகிறாள். பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அவள் பட்ட பாடெல்லாம் வீண். நம்பர் போட்டுப் போனைத் திறந்து அவளைக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை.

வேறு வழி? கடைக் கண்ணாடியைப் பார்த்து மார்க்கரால் மீசை வரைந்தேன். தலையில் கறுப்புத் துண்டைக் கட்டினேன். கேமராவைப் பார்த்துச் சிரித்தேன், முறைத்தேன், பக்கவாட்டில் திரும்பிக் காட்டினேன்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாயா இது, கூத்துக்குக் கெளம்பிகினு கீறியா?”

“சும்மா இரு. இதுக்கு என்னை யாருன்னு தெரியல.”

“எனக்கே தெரியல.”

அந்த நேரம் பார்த்துத் திரை மாறியது. ‘இணைந்தது. பணி: உதவி.’ தலைமை இல்லை, உதவி! மீசை ஒரு பக்கம் கோணலாக இருப்பதால் பாதிப் பதவிதான் கொடுத்திருக்கிறது என்று நினைத்து, கோணலைச் சரிசெய்ய மறுபடி மார்க்கரை எடுத்தேன். போன் அடித்தது.

“மாமா, காட்டி முடிச்சிட்டேன். சங்கத்துல ஒத்துக்கினாங்க!”

“என் மெஷின்தான் நின்னுபோச்சே?”

“ஆங், தெரியும். உங்க மெஷின் பேசலன்னதும் மணவூர் மெஷின் தலைமைய எடுத்துகிச்சி. உங்களுது திரும்பி வந்ததும், அதுக்குள்ள பதிஞ்சி கீற ரகசிய நம்பர, சாவின்னு சொல்வோம், அதப் பாத்து அதேதான்னு சேத்துகிச்சுங்க. வேலைதான் வேற.”

“அப்போ என் மூஞ்சி?”

“இன்னா மூஞ்சி?”

மூச்சு வந்தது. குனிந்து பார்த்தேன். கேமராவின் ஒயர் எதிலும் செருகாமல் மேசையடியில் சுருண்டு கிடந்தது. மலைமேல் இருந்தவர்களெல்லாம் வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருந்ததில் செல்போன் டவர் திணறி, அதே டவரில் ஓடும் என் கடை நெட் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தை மணவூர் பார்த்துக்கொண்டது.